ரூமை முதலில் முடிவு பண்ணுங்க, ரோட்டை அப்புறம் பார்க்கலாம்



கொஞ்சம் நீளமான பதிவு. ஜூன் லீவுக்கு ஆஸ்திரேலியா போகிற குடும்பங்கள் தயவுசெய்து முழுசா படிங்க. போகாதவங்க, போகிற சொந்தக்காரங்களுக்கு அனுப்பி விடுங்க.

நம்ம கோயில் வாட்சப் குரூப்பில் ரெண்டு வாரமா ஒரு பயணத் திட்டம் சுத்திக்கிட்டே இருக்கு. பெர்த்தில் இறங்கணும், வாடகைக் காடி எடுக்கணும், நல்லர்போர் சமவெளி வழியா அடிலெய்ட் வரைக்கும் 2,700 கிலோமீட்டர், இரண்டே நாள். ரெண்டு டிரைவர் மாத்தி மாத்தி ஓட்டினா மோட்டல் செலவே இல்லையாம். "தூங்கத்தானே ரூமு, காடியிலேயே தூங்கிக்கலாம்" என்று ஒரு வரி. அதற்குக் கீழே நாற்பது பேர் கைகூப்பு போட்டு "முருகன் துணை" என்று எழுதியிருக்கிறார்கள். அந்த நாற்பது பேரில் பாதிப் பேர் வயதான அம்மா அப்பாவையும் சின்னப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் என்பது எங்களுக்குத் தெரியும். பிரசாதம் கொடுக்கும்போது இவர்கள் எல்லார் முகத்தையும் பார்க்கிறவர்கள் நாங்கள். அதனால்தான் சும்மா இருக்க முடியவில்லை.

இந்தத் திட்டம் தப்பு. கொஞ்சம் மாற்றினால் சரியாகிவிடும் என்கிற மாதிரியான தப்பும் இல்லை, அடியிலிருந்தே தப்பு. தூரத்தை நாளால் வகுத்து, மிச்சம் இருந்தால் மோட்டல் என்று போடுகிறார்கள். அந்த ரோட்டில் கணக்கைத் திருப்பித்தான் போடணும். இரவு எங்கே தங்குகிறோம் என்பதை முதலில் முடிவு செய்யணும். எத்தனை நாள் என்பது அதிலிருந்துதான் வரும்.

நம்ம ஆளுங்களுக்கு ஏன் இது பிடிபடவில்லை? வடக்கு தெற்கு நெடுஞ்சாலையிலேயே வளர்ந்த பழக்கம். தாய்லாந்து எல்லையிலிருந்து ஜொகூர் வரை முழு ஹைவேயும் சுமார் 770 கிலோமீட்டர். அதற்குள் எத்தனை ஆர் அண்ட் ஆர், எத்தனை நாசி லெமாக் கடை, எத்தனை எண்ணெய்க்கடை, எத்தனை சூராவ், எத்தனை கழிவறை! தூக்கம் வந்தால் அடுத்த பத்து இருபது நிமிஷத்தில் வெளிச்சமான ஒரு இடம் வந்துவிடும். பெர்த்திலிருந்து நார்ஸ்மன் என்கிற சின்ன ஊர் வரைக்கும் மட்டுமே ஏறக்குறைய 720 கிலோமீட்டர். அதாவது ஏறக்குறைய நம்ம ஹைவே முழுசையும் ஓட்டி முடித்த பிறகுதான் அந்த வனாந்தரம் ஆரம்பிக்கிறது. நார்ஸ்மனிலிருந்து சிடூனா வரைக்கும் அடுத்த 1,200 கிலோமீட்டருக்கு ஊர் என்று சொல்லத்தக்கது யூக்லா மாதிரி ஒன்றிரண்டுதான், அதுவும் சின்னச் சின்ன ஊர்கள். மற்றதெல்லாம் ரோட்ஹவுஸ். ஒரு எண்ணெய்க்கடை, ஒரு சாப்பாட்டு மேசை, பின்னால் வரிசையாகச் சில அறைகள். அவ்வளவுதான். ஒன்றை விட்டால் அடுத்தது 65 கிலோமீட்டரிலும் இருக்கலாம், 190 கிலோமீட்டரிலும் இருக்கலாம். இடையில் போனும் பெரும்பாலும் எடுக்காது.

இரண்டு நாள் கணக்கைப் பார்ப்போம். ஒரு நாளைக்கு 1,350 கிலோமீட்டர். அங்கே வேக வரம்பு 110. எண்ணெய் ஊத்தி, கால் நீட்டி, பாட்டியைக் கழிவறைக்கு அழைத்துப் போய் வந்தால் சராசரி 90 வருவதே பெரிய விஷயம். அப்போ ஒரு நாளைக்கு 15 மணி நேரம். ஜூன் மாதம் அங்கே குளிர்காலம். பகல் வெளிச்சம் சுமார் 10 மணி நேரம்தான். ஆக தினமும் ஐந்து மணி நேரம் இருட்டில் ஓட்டணும் என்று திட்டத்திலேயே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

இருட்டில் ஓட்டினால் என்ன, நாம் பினாங்குக்கு ராத்திரியில் போகாததா என்று கேட்பீங்க. அங்கே ரோட்டோரத்தில் வேலி கிடையாது, விளக்கு கிடையாது, நடுவில் தடுப்பும் கிடையாது. போக ஒரு பாதை, வர ஒரு பாதை. நல்லர்போரில் ஒட்டகம், வாம்பட், கங்காரு மூன்றும் போட்ட மஞ்சள் பலகை ஒன்று இருக்கிறது. எல்லாரும் அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்து ஃபேஸ்புக்கில் போடுவார்கள். அது அலங்காரத்துக்கு வைத்த பலகை இல்லைங்க. சூரியன் சாய்கிற நேரத்திலும் விடிகிற நேரத்திலும் கங்காரு ரோட்டோரப் புல்லுக்கு வரும். வெளிச்சத்தைப் பார்த்து விலகாது, குறுக்கே பாயும். உள்ளூர்க்காரர்கள் காடிக்கு முன்னால் பெரிய இரும்புக் கம்பி மாட்டியிருப்பார்கள். நீங்கள் பெர்த் விமான நிலையத்தில் எடுக்கிற வாடகைக் காடியில் அது இருக்காது. எதிரில் வருவது நம்ம ஊர் லாரியும் இல்லை. ரோடு டிரெயின் என்பார்கள், அந்தச் சாலையில் 36.5 மீட்டர் நீளம் வரைக்கும் ஓடும். ராத்திரியில் அது எதிரே வந்தால் அதன் விளக்குக்குப் பின்னால் என்ன நிற்கிறது என்று உங்களுக்குத் தெரியாது.

இன்னொன்று, வாடகை ஒப்பந்தத்தை யாரும் படிப்பதில்லை. மேற்கு ஆஸ்திரேலியாவில் பல நிறுவனங்கள் சூரியன் மறைந்ததிலிருந்து உதிக்கும் வரை ஊர் எல்லைக்கு வெளியே ஓட்டக்கூடாது என்றோ, அந்த நேரத்தில் மிருகம் மோதினால் காப்புறுதி கிடையாது என்றோ சின்ன எழுத்தில் போட்டிருக்கும். ஐந்து இரவு மோட்டல் காசை மிச்சம் பிடிக்கப் போய் முழுக் காடிக்கும் காசு கட்டுகிற நிலைமை வரலாம். உயிரைப் பற்றிச் சொன்னால் "அபசகுனமா பேசாதீங்க" என்பவர்கள் இந்தக் காசுக் கணக்கையாவது காதில் வாங்கட்டும்.

"மாத்தி மாத்தி ஓட்டலாம்" என்பது கேட்க நல்லா இருக்கும். குலுங்குகிற காடியில், பிள்ளை அழுகிற சத்தத்தில், சீட்டில் சாய்ந்து தூங்குவது தூக்கமா? 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருக்கிறவருடைய நிதானம், ரத்தத்தில் 0.05 அளவு மது இருப்பவருடைய நிதானத்துக்குச் சமம் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் சட்டம் போட்ட எல்லையும் அதே 0.05 தான். ஒரு சொட்டு பியர் தொடாமல் விரதம் இருக்கிற நம்ம ஆளு, குடித்தவர் மாதிரி ஸ்டியரிங் பிடிப்பார், பின்னால் குடும்பமே தூங்கும். இதற்கு "முருகன் துணை" என்று எழுதினால் முருகனைத் துணைக்குக் கூப்பிடுவதா, பொறுப்பை அவர் தலையில் கட்டுவதா?

தைப்பூசத்துக்கு நாம் தண்ணீர்ப் பந்தல் போடுகிறோம். இடம் எப்படி முடிவு செய்கிறோம்? எங்கே இடம் சும்மா கிடைக்கிறது என்று பார்த்தா? பால்குடம் எடுத்து வருகிறவர்களுக்கு எங்கே கால் தளரும், எங்கே வெயில் ஏறும் என்று பார்த்துத்தான் போடுகிறோம். பத்துமலைப் படி 272 ஏறுவதற்கு முன்னால் மூச்சு வாங்க இடம் வேண்டும் என்று நமக்குத் தெரிகிறது. வெளிநாட்டுக்குப் போனதும் இந்த அறிவு எல்லாம் எங்கே போகிறது?

சரி, எப்படித்தான் நிறுத்துவது? எங்கள் குழு உட்கார்ந்து போட்ட கணக்கைச் சொல்கிறோம். எங்களில் ரெண்டு பேர் இந்த ரோட்டில் முழுசா போய் வந்தவர்கள், ஒரு அண்ணன் நம்ம நாட்டில் பல வருஷம் லாரி ஓட்டியவர்.

முதல் நாள் நார்ஸ்மன் வரை போகணும் என்று துடிக்காதீங்க. ஜூனில் பெர்த்தில் ஏழேகால் மணிக்குத்தான் விடியும், மாலை ஐந்தேகாலுக்கெல்லாம் சூரியன் போய்விடும். கிழக்கே போகப் போக இன்னும் சீக்கிரம் இருட்டும். நார்ஸ்மனில் ஐந்து மணிக்கு முன்பே மறையும். நமக்கோ வருஷம் பூரா ஏழு மணிக்கு மேல்தான் இருட்டு. பெர்த் கடிகாரமும் நம்ம கடிகாரமும் ஒன்றாக இருப்பதால் மனசு ஏமாந்துவிடும், "இன்னும் அஞ்சு மணிதானே" என்று நினைக்கும், வெளியே பார்த்தால் கும்மிருட்டு. அதனால் முதல் இரவு கல்கூர்லி, சுமார் 595 கிலோமீட்டர். தங்கச் சுரங்க ஊர். சூப்பர்மார்க்கெட், மருத்துவமனை, மருந்துக்கடை எல்லாம் இருக்கிறது. வனாந்தரத்துக்கு முன்னால் சாமான் வாங்க அதைவிட நல்ல இடம் இல்லை.

கல்கூர்லியில் ஒரு விஷயம் கவனிங்க. ஆஸ்திரேலியாவில் "ஹோட்டல்" என்று பலகை போட்டிருந்தால் பெரும்பாலும் அது மதுக்கடை. கீழே பார், மேலே ரூம். விலை கம்மியா இருக்கேன்னு பதிவு பண்ணிட்டு, வெள்ளிக்கிழமை ராத்திரி கூச்சலில் தூங்க முடியாமல், "விரதத்தில் வந்தவளை இங்கே கொண்டாந்து போட்டுட்டான்" என்று அம்மாவிடம் திட்டு வாங்காதீங்க. "மோட்டல்" என்றால் காடியை ரூம் வாசலிலேயே நிறுத்தலாம், படி ஏற வேண்டாம். வயசானவங்களோட போகிறவங்களுக்கு அதுதான் சரி.

இரண்டாம் இரவு கைகுனா, கல்கூர்லியிலிருந்து சுமார் 560 கிலோமீட்டர். வழியில் பல்லடோனியா தாண்டியதும் 146.6 கிலோமீட்டர் ஒரு வளைவு கூட இல்லாத நேர் ரோடு வரும். கேட்க ஜாலியாக இருக்கும். ஓட்டுகிறவருக்குத்தான் தெரியும், கண் திறந்திருக்கும், மூளை தூங்கிவிடும். அந்த நேர் ரோட்டைப் பகல் வெளிச்சத்தில் முடித்துவிட்டு, முடிந்த இடத்திலேயே படுப்பதற்காகத்தான் கைகுனா என்று போட்டிருக்கிறோம். சின்னப் பிள்ளைகள் இருந்தால் பல்லடோனியாவிலேயே நின்றுவிடுங்க, 380 கிலோமீட்டர் போதும். அதற்கு ஏற்ற மாதிரி ஒரு நாள் கூட்டிக்குங்க. இந்தச் சாலையில் அங்கங்கே ரோட்டிலேயே விமான ஓடுபாதைக் கோடு போட்டிருப்பதைப் பார்ப்பீங்க. பறக்கும் மருத்துவர் சேவையின் விமானம் அவசரத்துக்கு ரோட்டில் இறங்க. நார்ஸ்மனுக்கும் சிடூனாவுக்கும் நடுவில் பெரிய மருத்துவமனை இல்லை. ஒருத்தருக்கு நெஞ்சு வலி என்றால் உதவி வானத்திலிருந்துதான் வரணும்.

மூன்றாம் இரவு நல்லர்போர் ரோட்ஹவுஸ், சுமார் 535 கிலோமீட்டர். நடுவில் மதுரா என்று ஒரு ரோட்ஹவுஸ் வரும். நம்ம மதுரை இல்லை, ஆனால் 1876-ல் பிரிட்டிஷ் இந்திய ராணுவத்துக்குக் குதிரை வளர்க்க ஆரம்பித்த இடம். காப்பி குடிக்க நிற்கலாம். அன்றைக்குக் கடிகாரம் உங்களைப் பாடாய்ப் படுத்தும். கைகுனா தாண்டியதும் பெர்த் நேரத்தோடு 45 நிமிஷம் கூட்டணும். அந்தப் பக்கத்து மக்கள் தங்களுக்கென்று வைத்துக்கொண்ட நேரம் அது, உங்கள் போன் அதைக் காட்டாமலும் போகலாம். தென் ஆஸ்திரேலியா எல்லை தாண்டினால் பெர்த்தைவிட ஒன்றரை மணி நேரம் கூடுதல். டிசம்பரில் போனால் இரண்டரை மணி நேரம். நீங்க "ஆறரைக்குப் போய்ச் சேர்ந்துட்டோம்" என்று நினைப்பீங்க, அங்கே எட்டு மணி, சமையலறை மூடியிருக்கும். ரூம் பதியும்போது "உங்க கடிகாரத்துக்கு எத்தனை மணிக்கு கவுண்டர் மூடுவீங்க, எத்தனை மணி வரை சாப்பாடு?" என்று கேட்டே ஆகணும். "உங்க கடிகாரத்துக்கு" என்ற வார்த்தையை விட்டுடாதீங்க.

இந்த இடத்தை நாங்கள் தேர்ந்தெடுக்க இன்னொரு காரணமும் இருக்கு. அங்கிருந்து கிழக்கே கொஞ்ச தூரத்தில் ஹெட் ஆஃப் பைட் என்கிற கடலோரம். ஜூன் முதல் அக்டோபர் வரைக்கும் திமிங்கிலங்கள் குட்டி ஈன அங்கே வரும். மேட்டில் நின்றபடியே தாயையும் குட்டியையும் பார்க்கலாம். இரண்டே நாள் திட்டக்காரர்கள் அந்த இடத்தை நடு ராத்திரியில் தாண்டிப் போவார்கள். பிள்ளைகளுக்கு என்னத்தைக் காட்டத்தான் அவ்வளவு தூரம் அழைத்துப் போகிறார்களோ.

நான்காம் நாள் திமிங்கிலம் பார்த்துவிட்டு 300 கிலோமீட்டரில் சிடூனா, ஐந்தாம் இரவு போர்ட் அகஸ்டா, ஆறாம் நாள் மதியம் அடிலெய்ட். அவ்வளவுதான்.

இப்போ சாப்பாடு, ஏன்னா இதில்தான் நம்ம ஆளுங்க அதிகம் சண்டை போடுவாங்க. ரோட்ஹவுஸில் பர்கர், ஸ்டேக், சிப்ஸ். சைவம் என்றால் சிப்ஸ், ரொட்டி, முட்டை சாப்பிடுகிறவர்களுக்கு முட்டை. இட்லி கிடைக்கவில்லை என்று அங்கே நின்று முகம் சுளிக்கிறதில் நியாயமில்லை. அரிசி, பருப்பு, பொடி வகைகளைப் பெர்த் இந்தியக் கடைகளிலேயே வாங்கிக்குங்க. காய்கறி, பழத்தை மட்டும் அளவாக வாங்குங்க, சிடூனாவில் சோதனைச் சாவடி இருக்கு. கிழக்கே போகிறவர்களிடம் பச்சைக் காய்கறி, பழம் எல்லாவற்றையும் வாங்கிக் குப்பையில் போட்டுவிடுவார்கள். மேற்கே வருகிறவர்களுக்கு எல்லையிலேயே சோதனை, அங்கே தேன் கூட விடமாட்டார்கள். "சாமிக்கு வச்ச பழம் சார்" என்று கெஞ்சினாலும் நடக்காது, பூச்சிக்கு அது தெரியாதே. அதனால் மூன்றாம் இரவே மிச்சமிருக்கிற காயை எல்லாம் சாம்பாராக்கி முடிச்சிடுங்க. ஆனால் ரூமுக்குள் சமைக்கலாமா என்று கேட்டுட்டுச் சமைங்க. அங்கே மின்சாரம் பெரும்பாலும் ஜெனரேட்டரில் ஓடுகிறது. நாலு ரூமில் நாலு ரைஸ் குக்கர் போட்டால் என்ன ஆகும் என்று நினைச்சுப் பாருங்க.

சாம்பிராணியும் அப்படித்தான். காலையில் விளக்கேற்றிக் கற்பூரம் காட்டாமல் கிளம்ப மனசு வராது, எங்களுக்கும் அதே மனசுதான். ஆனால் புகை கண்டால் அலாரம் அடிக்கிற ரூமுக்குள் அதைச் செய்யக்கூடாது. வெளியே, காற்று இல்லாத ஒரு இடமாகப் பார்த்து, கேட்டுவிட்டுச் செய்யுங்க. அடுத்த தடவை வருகிற தமிழ்க் குடும்பத்துக்கு ரூம் இல்லை என்று சொல்ல நாம் காரணமாகக் கூடாது.

விலையைப் பற்றி ஒரு வார்த்தை. "இந்தப் பழைய ரூமுக்கு இவ்வளவு வெள்ளியா?" என்று ஆன்லைனில் ஒரு நட்சத்திரம் போடுகிறவர்களில் நம்ம ஆட்களும் இருக்கிறார்கள். அந்தப் படுக்கை விரிப்பு, எண்ணெய், ரொட்டி எல்லாம் பல நூறு கிலோமீட்டர் லாரியில் வந்தது. தண்ணீருக்கே அங்கே பஞ்சம், நிலத்தடித் தண்ணீர் உப்பு. குடிக்கிற தண்ணியை நீங்களே கொண்டு போகணும், அவர்கள் குழாயில் கேன் பிடிக்கப் போகாதீங்க. குளியலை ஐந்து நிமிஷத்தில் முடிங்க. விலை கம்மியாக "பட்ஜெட் ரூம்" என்று ஒன்று காட்டும். டோங்கா என்பார்கள், பெட்டி மாதிரி அறை, கழிவறை வெளியே. இளவட்டங்கள் எடுத்துக்கட்டும். முட்டி வலிக்கிற பாட்டியை விடியற்காலை மூன்று மணிக்கு அந்தக் குளிரில் வெளியே நடக்க விட்டு மிச்சம் பிடிக்கிற முப்பது நாற்பது வெள்ளி நமக்கு வேண்டாம்.

அதே மாதிரி, நாலு ரோட்ஹவுஸில் ரூம் போட்டு வைத்துவிட்டு, ஒன்றில் தங்கி, மற்றதை ரத்து கூடப் பண்ணாமல் விடுகிற பழக்கம் இருக்கே, அதைச் "சாமர்த்தியம்" என்று குரூப்பில் ஒருத்தர் சொல்லிக் கொடுக்கிறார். அங்கே இருப்பதே கொஞ்சம் ரூம். நீங்கள் வராத ரூமின் வாசலிலிருந்து இன்னொரு குடும்பத்தை இருட்டில் அடுத்த ரோட்ஹவுஸுக்கு அனுப்பிவிடுகிறார்கள். அது சாமர்த்தியமா?

காரவான் வைத்துக்கொண்டு ரோட்டோர ஓய்விடத்தில் தங்குகிற ஆஸ்திரேலியர்களைக் காட்டி, "அவங்க மட்டும் ரூம் எடுக்கறாங்களா" என்று கேட்கிறார்கள். அவர்களிடம் படுக்கை, அடுப்பு, தண்ணித் தொட்டி, கழிவறை எல்லாம் பின்னாலேயே வருகிறது. உங்களிடம் இருப்பது ஐந்து பேர் இடித்துக்கொண்டு உட்கார்ந்த ஒரு காடி. ஜூன் இரவில் குளிர் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கும்.

ஆறு நாள் லீவு இல்லை என்றால் பெர்த்திலேயே சுத்திப் பார்த்துட்டு வாங்க, அல்லது அடிலெய்டுக்கு விமானம் பிடிங்க. வெட்கப்பட ஒன்றுமில்லை.

இந்த ஜூனில் போகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை அன்னதானம் முடிந்ததும் மண்டபத்துக்குப் பின்னால் எங்களைப் பாருங்க. விமான டிக்கெட் தேதி, யார் யார் வருகிறார்கள், யாருக்கு என்ன மருந்து என்று எழுதிக் கொண்டு வாங்க. ஒவ்வொரு ரோட்ஹவுஸுக்கும் உட்கார்ந்து போன் போடலாம், சில இடங்கள் ஆப்பில் வராது, போன் போட்டால்தான் ரூம். போன் செலவு எங்கள் உபயம். அந்த இரண்டு நாள் திட்டத்தை இன்னும் பகிர்ந்துகிட்டு இருக்கிறவங்க, தயவுசெய்து இன்றைக்கே குரூப்பிலிருந்து அழிச்சிடுங்க.